ஊரில் இல்லாத அப்பா, ஏசுகிற அம்மா

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பின் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணாச்சி என்னை உயில் எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார். உயிலும் பத்திரமும் முக்கியம்தான். அதற்கு இன்னொரு கூட்டம் வைத்துக்கொள்ளலாம். வக்கீல் தொழிலில் இருந்த வருஷங்களில் சொத்து வழக்குகளை விட என்னைத் தூங்கவிடாமல் செய்தவை பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை. அதிலும் ஒரு வகை உண்டு. அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, யாரும் குடிப்பதில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஒருவர் மட்டும் ஊரில் இல்லை. இல்லாத அவர்மேல் பிள்ளைக்கு உயிர். கூட இருந்து சோறு போடுகிறவரோடு நித்தம் சண்டை. இந்த மாதிரி விஷயம் கோர்ட்டு வரைக்கும் வருவது அபூர்வம். பெரும்பாலும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிடும்.

இங்கே யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது நம்ம வீட்டைத்தான் சொல்றாங்க" என்று உங்களுக்குத் தோன்றினால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வீட்டு ஆண் வெளியூரில் இருப்பது நம் கல்லிடைக்குறிச்சிக்குப் புதிது இல்லை. நம் ஊர் வியாபாரிகள் மலையைத் தாண்டித் திருவிதாங்கூர்ப் பக்கம் போய்ப் பிழைத்த காலத்திலேயே பெண்டு பிள்ளைகள் இங்கே ஆற்றங்கரையில்தான் இருந்தார்கள். இப்போது திருவனந்தபுரத்துக்குப் பதிலாக துபாய், தோஹா, பெங்களூரு, கப்பல், ராணுவம் என்று இடம் மாறியிருக்கிறது. அம்மா நர்ஸ் வேலைக்குப் போய், அப்பாவும் ஆச்சியும் பிள்ளையை வளர்க்கிற வீடும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அப்போது அப்பா இல்லையென்றால் தாத்தா இருப்பார், பெரியப்பா இருப்பார், திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். அம்மா ஏசினால் பிள்ளை ஓடிப்போய் உட்கார வேறு மடி இருந்தது. இரண்டு அறைகள் உள்ள ஃபிளாட்டில் அம்மா, பிள்ளை, ஒரு செல்போன் ஆக மூன்று பேர்தான். அந்த மூன்றாவது ஆளுக்குள்தான் அப்பா இருக்கிறார்.

துபாயில் எட்டு மணி என்றால் நமக்கு ஒன்பதரை. சவுதி என்றால் பத்தரை. மனிதர் வேலை முடிந்து, குளித்து, சாப்பாட்டுக்கு உலை வைத்துவிட்டுப் போன் எடுக்கும்போது இங்கே பிள்ளைக்குத் தூங்குகிற நேரம் தாண்டியிருக்கும். வீட்டுப்பாடம் முடிந்திருக்காது. அம்மா அதுவரை மூன்று தடவை சத்தம் போட்டு முடித்திருப்பாள். போன் அடிக்கிறது. பிள்ளை பாய்ந்து எடுக்கிறது. "அம்மா அடிக்கிறாப்பா." அங்கிருந்து சிரிப்பு. "விடு, சின்னப் பிள்ளைதானே? நாளைக்கு எழுதிக்கிடட்டும்." அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்குப் பிள்ளையின் முகத்தைச் சிரித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. சட்டம் போடுகிறவள் அம்மா, மன்னிக்கிறவர் அப்பா. இரண்டு வருஷம் இப்படியே போனால் பிள்ளை யார் பக்கம் நிற்கும்?

அம்மாக்களும் சும்மா இருப்பதில்லை. "ஒங்க அப்பாட்ட சொல்லித் தாரேன் பாரு" என்று மிரட்டுவார்கள். ஊரில் இல்லாத மனுஷனைப் போலீஸ்காரர் ஆக்குவது. அவர் போனில் வந்ததும் போலீஸ்காரர் மிட்டாய்க்காரராக மாறிவிடுகிறார். மிரட்டலும் செல்லாக்காசாகப் போகிறது.

அப்புறம் லீவு. முப்பது நாள் அப்பா வருகிறார். பெட்டி திறக்கிறது. பள்ளிக்கூடம் நாலு நாள் இல்லை, படுக்கிற நேரம் இல்லை, தினம் பரோட்டா. முப்பத்தொன்றாவது நாள் அவர் விமானம் ஏறிவிடுவார். கலைந்து கிடக்கிற வீட்டையும் அழுகிற பிள்ளையையும் அம்மா கூட்டிப் பெருக்கவேண்டும். அந்த வாரம் பிள்ளை சொல்கிற வார்த்தை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "நீ போயிருக்கலாம்லா, அப்பா இருந்திருக்கலாம்லா." இதைக் கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம் ஊர் நடராஜரை நினைத்துக்கொள்வேன். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடு போன விக்கிரகம், எங்கெங்கோ சுற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்தில் போய் நின்று, 2019 செப்டம்பரில் திரும்பி வந்தது. 37 வருஷம். வந்த அன்றைக்கு ஊரே திரண்டது, திரளவும் வேண்டியதுதான். ஆனால் அந்த 37 வருஷமும் அங்கே விளக்கேற்றி, கதவைத் திறந்து, பூட்டி, பூஜை நடத்திய கைகளுக்கு யாரும் மேளம் அடித்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். வருகிறவருக்கு மேளம். இருக்கிறவளுக்கு விளக்கேற்றுகிற வேலை.

பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது? நன்றி கெட்டதனம் என்று நாம் நினைக்கிறோம். இதை உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும், அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்ஸனும் தாயைப் பிரிந்த சிறு குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். 1952இல் ராபர்ட்ஸன் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை சின்ன அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேய ஆஸ்பத்திரி வழக்கப்படி கூட யாரும் தங்கக்கூடாது. குழந்தை ஒழுங்காகத்தான் இருக்கிறது, பெரிதாக அழவில்லை. ஆனால் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, கூட்டிப்போக வந்த அம்மாவின் கையைப் பிடிக்க மாட்டேன் என்று நடந்து போகிறது. எட்டு நாளுக்கே அப்படி. முதலில் அழுது அடம்பிடிப்பது, பிறகு சோர்ந்து போவது, கடைசியில் 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று விலகி நிற்பது என்று பிரிவின் மூன்று கட்டங்களை அவர்கள் வகுத்தார்கள். இதெல்லாம் பேசப்பட்டு, 1959இல் அந்த நாட்டு அரசின் குழு ஒன்று, பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது என்று பரிந்துரைத்தது. நம் ஊர் பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடக்கிற அம்மாக்களை நர்ஸம்மா எவ்வளவு விரட்டினாலும் போகமாட்டார்கள். அவர்கள் எந்தக் குழுவுக்காகவும் காத்திருக்கவில்லை.

லீவில் வருகிற அப்பாவிடம் ஒன்றரை வயதுப் பிள்ளை போகாமல் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவது இதனால்தான். அவருக்கு மனசு உடைந்துபோகும். ஏழு, எட்டு வயதில் நடப்பது இதற்கு நேர் எதிர். இல்லாதவர் மனதுக்குள் வளர்ந்துகொண்டே போகிறார். கூட இருக்கிறவருக்குத் தலைவலி உண்டு, கோபம் உண்டு, சாம்பாரில் உப்புக் கூடும். மனதுக்குள் இருக்கிறவருக்கு எந்தக் குறையும் கிடையாது. அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். செத்தவருக்குத் துக்கம் உண்டு, காரியம் உண்டு, முடிவும் உண்டு. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு அது எதுவும் இல்லாததால் அந்தக் குடும்பம் அப்படியே உறைந்து போகிறது. வெளிநாட்டு அப்பாவை இதோடு சேர்க்கக்கூடாதுதான். ஆனால் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகப் பேசாத அப்பா, 'நாளைக்கு வந்துருவா' என்று சொல்லிச் சொல்லியே வராத அம்மா, இவர்களுடைய பிள்ளைகளிடம் நான் பார்த்தது இந்த உறைதலைத்தான்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். சட்டம் படித்தவர்களுக்கு இது பாடத்தில் வரும். ஆனால் பாடத்தில் நீதிமன்ற அதிகார வரம்பு பற்றித்தான் சொல்லித் தருவார்கள். பையனைப் பற்றிச் சொல்லித் தரமாட்டார்கள்.

ஜித்து நாராயணய்யா, வருவாய்த் துறையில் இருந்தவர், தெலுங்கு பேசும் குடும்பம், மதனப்பள்ளி. மனைவி சஞ்சீவம்மா 1905 கடைசியில் இறந்துபோனார். அப்போது மகன் கிருஷ்ணமூர்த்திக்குப் பத்து வயது. ஆம், பின்னாளில் உலகம் முழுக்கப் பேசிய அதே ஜே. கிருஷ்ணமூர்த்திதான். அம்மா இறந்த பிறகும் அவரைப் பார்த்ததாகப் பையன் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். மாடிப்படி ஏறிப் போகிற அம்மாவின் பின்னாலேயே போனதும், கை நீட்டிப் புடவையைப் பிடிக்கப் போனதும், மேல்படியில் அந்த உருவம் மறைந்துபோனதும் அதில் இருக்கிறது. வளையல் சத்தம் கேட்டதையும் சொல்கிறார். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒரு பத்து வயதுப் பையன் எவ்வளவு தேடியிருக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

நாராயணய்யா ஓய்வு பெற்று, பாதிச் சம்பளப் பென்ஷனில், 1909 ஜனவரியில் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு அடையாறு வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையில் வேலை. சபைக்கு வெளியே ஒரு சிறிய வீடு. வீட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய சகோதரி. பிள்ளைகள் மெலிந்து, சீக்காளியாக இருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கி அடி வாங்கினார். அந்த வருஷம்தான் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர் கடற்கரையில் இந்தப் பையனைக் கண்டு, உலகத்துக்கே குருவாக வரப்போகிறவன் என்றார். நவம்பரில் சபைத் தலைவி அன்னி பெசன்ட் சென்னை வந்தபோது ரயில் நிலையத்தில் மாலையோடு நின்றவர்களில் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். சில வாரங்களில் பெசன்ட் அம்மையார் காசிக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குப் பையன் ஒரு கடிதம் எழுதினார். உங்களை அம்மா என்று கூப்பிடலாமா, எனக்கு அன்பு வைக்க வேறு அம்மா இல்லை என்று அதில் கேட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை அப்பாவின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். அவர் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். மனைவியை இழந்து, நாலு ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வயதான காலத்தில் ஒரு வேலை தேடி, சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். பையனோ காசியில் இருக்கிற ஒருவரிடம் அம்மா என்று கூப்பிட அனுமதி கேட்கிறான். பையன் மேலும் எனக்குக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. மாடிப்படியில் மறைந்துபோனவருக்குப் பதிலாக ஒருவர் கிடைத்தார், பிடித்துக்கொண்டான்.

1910 மார்ச்சில் நாராயணய்யா, கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் பெசன்டின் பொறுப்பில் விடுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1911இல் பிள்ளைகள் இங்கிலாந்து போய் வந்தார்கள். 1912 தொடக்கத்தில் மறுபடி போனார்கள், திரும்பவில்லை. லெட்பீட்டர் கையில் பிள்ளைகள் இருப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சண்டை முற்றி, 1912 அக்டோபரில் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அப்பா பக்கம் வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் அம்மையார் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேல்முறையீடும் அந்த அக்டோபரில் அப்பா பக்கமே போயிற்று. பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் அங்கே எல்லாம் தலைகீழானது.

பிரிவி கவுன்சில் என்ன சொன்னது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்பாவின் உரிமை இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகளை இன்னொருவரிடம் விட்டாலும் இயற்கைக் காப்பாளர் அப்பாதான், கொடுத்த சம்மதத்தை அவர் திரும்பப் பெறலாம் என்றே சொன்னது. ஆனால் பிள்ளைகள் இருப்பது இங்கிலாந்தில். அவர்களை வழக்கில் சேர்க்கவில்லை, அவர்கள் நலனைப் பேச ஆள் இல்லை, அவர்கள் விருப்பம் என்ன என்று யாரும் அறியவில்லை. ஆகவே அந்த உத்தரவு செல்லாது என்றது. இவ்வளவுக்கும் நம் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர்கள் சட்டத்தின் 17ஆம் பிரிவில், பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது என்றால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று அப்போதே எழுதியிருக்கிறது. இரண்டு பெரிய கட்சி, பெரிய வக்கீல், பத்திரிகை முழுக்கச் செய்தி. தீர்ப்பு வரும்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது முடிந்திருந்தது.

வழக்கில் பெசன்ட் ஜெயித்தார் என்று புத்தகங்கள் எழுதும். அப்பாவுக்கு என்ன மிஞ்சியது? பிள்ளைகள் 1921 கடைசியில்தான் இந்தியா திரும்பினார்கள், அப்பாவைப் போய்ப் பார்த்தார்கள். பெரியவருக்குக் கால் கழுவி வளர்த்த பிள்ளை தாய்மொழியான தெலுங்கையே மறந்திருந்தார். 1924இல் நாராயணய்யா காலமானார். நான் இந்த வழக்கில் பெசன்ட் பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை. 1909இல் அந்தக் கடிதம் எழுதுகிறபோதே, அடையாற்றின் அந்தச் சின்ன வீட்டில் யாராவது பையனிடம் அவன் அம்மாவைப் பற்றி உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். பேசினார்களோ என்னவோ. ஆண்கள் நிறைந்த வீட்டில் இறந்த மனைவியைப் பற்றிப் பேசுகிற வழக்கம் நமக்கு இன்றைக்கும் இல்லை.

சட்டம் அதற்குப் பிறகு நகர்ந்திருக்கிறது. உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு மைனர் சட்டத்தில், இயற்கைக் காப்பாளர் அப்பா, "அவருக்குப் பிறகு" அம்மா என்று இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பாதான் கையெழுத்துப் போடவேண்டும் என்று பதில் வந்தது. அந்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், "பிறகு" என்பதற்கு அப்பா செத்த பிறகு என்று பொருள் இல்லை, "அவர் இல்லாதபோது" என்று பொருள் என்றது. வெளியூரில் இருந்தாலும், கவனிக்காமல் விட்டாலும், இருவரும் பேசி அம்மாவிடம் பொறுப்பை விட்டாலும் அது இல்லாமைதான். ஆகவே பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ "சார் வரட்டும்" என்று சொன்னால், சார் வரவேண்டியதில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். அம்மா கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று பிள்ளையின் கண் முன்னால் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைக்கு இருவர் அன்பிலும் உரிமை உண்டு என்றும், நேரில் பார்க்க முடியாத பெற்றோர் தினம் ஐந்து பத்து நிமிஷமாவது வீடியோ அழைப்பில் பேச வழி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. போன் உரிமை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இல்லை, பிள்ளைக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். விவாகரத்து வழக்கு நடக்கிற வீடுகளில் போனைப் பிடுங்கி வைப்பது முதல் ஆயுதம். "ஒங்கப்பன் மாதிரியே திருட்டு முழி" என்று சொல்வது இரண்டாவது ஆயுதம். பாதி உடம்பு அப்பாவுடையது என்று பிள்ளைக்குத் தெரியும். அவரைத் திட்டினால் தன்னில் பாதியைத் திட்டுவதாகத்தான் அதற்குக் கேட்கும். அப்புறம் அது வாய் திறக்காது. ரகசியமாகத் தலையணைக்கு அடியில் ஒரு போட்டோ வைத்துக்கொள்ளும்.

இலங்கையில் 2013இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது தளர்த்தினார்கள். பிள்ளையின் நலன் என்றுதான் காரணம் சொன்னார்கள். அப்பாக்களுக்கு அப்படி ஒரு விதி வரவே இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பொய் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்த அப்பாவை "துபாய்ல இருக்காங்க" என்று சொல்லி வளர்க்கிற வீடுகள் உண்டு. விட்டுவிட்டுப் போன அம்மாவை "சாமிகிட்ட போயிட்டா" என்று சொல்கிற வீடுகளும் உண்டு. இரண்டும் இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் பொய் சொன்ன ஆச்சிக்கும் சித்திக்கும் தெரியாமல், பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிடுவான். நம் ஊர் சின்ன ஊர். அன்றைக்குப் பிள்ளை அப்பாவை மறுபடி ஒரு தடவை இழக்கும். கூடவே, வீட்டில் இருக்கிற எல்லோரையும் நம்புவதையும் விட்டுவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம்: "அப்பா இறந்துட்டாங்க. இனி வரமாட்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்." மூன்று வாக்கியம். அதற்கு மேல் கேட்டால் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னால் போதும்.

வெளியூரில் இருக்கிற அப்பாக்கள் இந்தச் செய்திமடலைப் படிப்பார்கள் என்று தெரியும், குழுவில் முதலில் கட்டைவிரல் போடுவது அவர்கள்தான். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையோடு பேசுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் அம்மாவோடு பேசுங்கள். இன்றைக்கு என்ன சண்டை, என்ன முடிவு எடுத்தாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை புகார் சொன்னால், "அம்மா சொன்னதுதான் நான் சொல்றதும்" என்று ஒரு தடவையாவது அதன் காதில் விழும்படி சொல்லுங்கள். முதல் வாரம் பிள்ளை உங்கள்மேல் கோபப்படும். படட்டும். கோபப்படக்கூடிய அப்பா நிஜ அப்பாவாக ஆகிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். லீவுக்கு வந்தால் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதோ, நகம் வெட்டுவதோ, கணக்குச் சொல்லிக்கொடுப்பதோ, எதுவானாலும் சரி. பரோட்டா வாங்கித் தருவதோடு ஒரு நாளாவது 'முடியாது' என்றும் சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கு நான் ஒன்றும் புத்தி சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும்: "நீ போயிருக்கலாம்லா" என்று பிள்ளை உங்களிடம்தான் சொல்கிறது, அவரிடம் சொல்வதில்லை. என்ன சொன்னாலும் விட்டுப் போகாத ஆளிடம்தான் பிள்ளைகள் அப்படிப் பேசும். முடியவே முடியவில்லை, பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மாதக்கணக்கில் நீண்டால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மனநலப் பிரிவுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்களைக் கேட்கிறேன், நீங்கள் பார்க்கப்படுகிற இடத்தில் அவரும்தானே வந்து உட்கார்ந்திருக்கிறார்?

கடைசியாக நம் குடியிருப்பு. லிஃப்டில் பிள்ளையைப் பார்த்தால் "அப்பா எப்ப வாராங்க?" என்று கேட்பதை நிறுத்திக்கொள்வோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் ஒரே நாளில் நாலு மாடியிலும் நாலு பேர் கேட்டால் அந்தப் பிள்ளை படிக்கட்டில் இறங்க ஆரம்பித்துவிடும். "ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று கேளுங்கள். காவலாளி அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, பொங்கல் விளையாட்டுப் போட்டிப் பட்டியலைப் பார்த்தேன். அதில் 'அப்பாவும் பிள்ளையும்' என்று மூன்றுகால் ஓட்டம் இருக்கிறது. போன வருஷம் அந்த ஓட்டத்தின்போது மொட்டைமாடியில் போய் நின்ற பிள்ளைகள் மூன்று பேர். பெயரை 'வீட்டுப் பெரியவரும் பிள்ளையும்' என்று மாற்றினால் ஆச்சி ஓடட்டும், மாமா ஓடட்டும், எதிர்வீட்டுத் தாத்தா ஓடட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் பொறுப்பில்லை. குழு உறுப்பினர்கள் இன்றைக்கே முடிவு செய்தால் நல்லது, ஏனென்றால் பேனர் அடிக்கக் கொடுக்கப் போகிறார்கள்.

கேள்வி: கப்பலில் இருப்பவர்களுக்குத் தினமும் பேச முடியாது. நடுக்கடலில் பத்து நாள் தொடர்பு இருக்காது. எங்கள் பையன் அந்த நாள்களில் யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பேச முடியாத நாள்களைப் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பிரிவை விடத் திடீரென்று போன் வராமல் போவதுதான் பயம். கிளம்புவதற்கு முன் அவரை உட்காரவைத்து, ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் வீதம் பத்து ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பெரிய புத்திமதி எதுவும் வேண்டாம், "இன்னைக்கு இட்லிக்கு என்ன சட்னி" என்பது மாதிரி போதும். சுவரில் ஒரு உலகப்படம் மாட்டி, கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று பையனே குண்டூசி குத்தட்டும். ஒலிப்பதிவைத் தினம் அவனே போடட்டும், நீங்கள் போடவேண்டாம். நாலாம் நாள் போடாமல் விளையாடப் போய்விட்டால் "அப்பா பேசுறத கேக்கலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போகட்டும் விடுங்கள்.